கிர்ஸ்டி பேருக்கு நேரே

டன்மோர்
ஏப்ரல் 12

அன்புள்ள அம்மா,

நல்லா இருக்கேன். சாப்பிடுறேன். எப்பிடியும் கேப்பீங்கன்னு முதல்லயே எழுதிட்டேன். பார்னபியும் சாப்பிடுது. ஆனா சாயங்காலம் அஞ்சு மணி ஆனா வாசல்ல போய் உக்காந்துக்குது. கிர்ஸ்டி வர்ற நேரம்னு நாய்க்கு இன்னும் நினைப்பு.

நீங்க கட்சி மாறின சேதி கரண்ட் கம்பெனி கன்ட்ரோல் ரூம்ல வேலையில இருக்கறப்போ ரேடியோவுல கேட்டேன். பக்கத்து சீட்டு லோர்ன் திரும்பி, "ஏம்பா ஆன்செல், உன் மாமியா தாவிட்டாங்களாமே! ஆளுங்கட்சிப் பக்கம் நாற்காலி மெத்துன்னு இருக்குமோ?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்திட்டாங்க. ரெண்டு மாசமா என் முன்னாடி எல்லாரும் பாதி சிரிப்புலயே நிறுத்திடுறாங்க.

எனக்குக் கோவம் இல்ல. இப்பல்லாம் எனக்கு எதுவுமே சட்டுனு வர்றதில்ல. பன்னண்டு வருஷம் எதிர்க்கட்சியில நின்னு ஜெயிச்சவங்க ஏன் போனீங்கன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை நம்ம ஆஸ்பத்திரி எமர்ஜென்சி கதவத் திறந்து வைக்கிறோம்னு முதல்வர் சொல்லிட்டார், அதான? அந்தக் கதவுல "டாக்டர் இல்லை"ன்னு தொங்கின அட்டைய உங்களுக்கு முன்னாடி பாத்தவன் நான்.

டூகல் வந்திருந்தார். பழைய கட்சியோட தொகுதித் தலைவரா வந்தார் போல, கோட்டெல்லாம் போட்டிருந்தார். "நம்ம ஆதரவாளருங்க ஆறாயிரம் பேருக்கும் உன் மாமியா புதுக் கட்சி பேர்ல கடுதாசி போட்டிருக்கா. நம்ம பட்டியல் அங்க எப்பிடிப் போச்சு? நீ எழுதின புரோகிராம்தான, பாத்துச் சொல்லு"ன்னார். திறந்து பதிவுல முதல் வரியப் பாத்தேன். "கிர்ஸ்டி கணக்குலேருந்து டவுன்லோட் ஆகியிருக்கு"ன்னு சொல்லிட்டேன். அவர் தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு அப்பிடியே நின்னார். அவர் போனதுக்கு அப்புறந்தான், பழிய கிர்ஸ்டி மேல போட்ட மாதிரி சொல்லிட்டேன்னு எனக்கே உறைச்சுது.

ஒரு வேடிக்கை. பார்னபிக்கும் உங்க கடுதாசி வந்திருக்கு. "மதிப்புக்குரிய பார்னபி டுசெட் அவர்களே, என் முடிவை நீங்கள் புரிந்துகொள்வீர்கள்." யாராச்சும் பட்டியலத் திருடினா தெரியணும்னு கிர்ஸ்டிதான் நாய் பேர அதுல சேத்து வெச்சிருந்தா. இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா.

கராஜ்ல உங்க பேர் போட்ட தேர்தல் பலகை முந்நூத்தி நாப்பது கிடக்கு. எல்லாம் பழைய கட்சிப் பலகை. என்ன பண்றது?

ஆன்செல்


ஹாலிஃபாக்ஸ்
ஏப்ரல் 20

என் அன்பு ஆன்செல்,

போன்ல பேச வேணாம், மின்னஞ்சல் வேண்டவே வேணாம்னு வக்கீல் கறாரா சொல்லிட்டார். அதான் கையால எழுதுறேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ.

"சாப்பிடுறேன்"னு எழுதியிருக்க. என்ன சாப்பிடுற? ரொட்டியும் கடலை வெண்ணெயுமா? அங்க டன்மோர் வீட்டுல என் ஃப்ரிட்ஜ் மேல்தட்டுல நான் பண்ணி வெச்ச மீன் சூப்பு நாலு டப்பா உறைஞ்சு கிடக்கு. சாவி உன்கிட்டதான இருக்கு. எடுத்துட்டுப் போ.

அன்னிக்கு சட்டசபையில இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் பதினோரு அடி. எண்ணிக்கிட்டேதான் நடந்தேன். பன்னண்டு வருஷம் என் பக்கத்துல உக்காந்தவங்க மேசையத் தட்டி "வெக்கம்! வெக்கம்!"னு கத்தினாங்க. கத்தட்டும். அவங்க யாரும் என் பொண்ணச் சவப்பெட்டியில பாக்கல. முதல்வர் எழுதிக் குடுத்துட்டார். மே பதினொண்ணுலேருந்து ஞாயித்துக்கிழமை டாக்டர் இருப்பார். டிசம்பர் வரைக்கும் ஒப்பந்தம். நான் ஜெயிச்சா நிரந்தரம். மே இருபத்தேழாந்தேதி ஓட்டு.

பட்டியல் விஷயத்த ரொம்ப யோசிக்காத. பத்திரிகைக்காரங்க கேட்டாங்க. "என் மகள் போறதுக்கு முன்னாடியே எனக்குக் குடுத்தா, அவளும் என்கூட வர்றதாத்தான் இருந்தா"ன்னு சொல்லிட்டேன். அது அவ எட்டு வருஷம் வீடு வீடா நடந்து சேத்த பட்டியல். அம்மாவுக்குக் குடுக்க அவளுக்கு உரிமை இல்லையா? உன்கிட்ட யாராச்சும் கேட்டா நீயும் அப்பிடியே சொல்லிடு. தேர்தல் முடிஞ்சா எல்லாம் அடங்கிடும்.

புதுப் பலகை ஒண்ணு அனுப்புறேன். உன் வாசல்ல நட்டுடு மகனே.

உன் அம்மா,
வெர்னா


டன்மோர்
மே 2

அன்புள்ள அம்மா,

பலகை வந்துச்சு. நடல. கராஜ்ல மத்ததோட வெச்சிருக்கேன்.

டிவியில பாத்தேன். நீங்க கிர்ஸ்டி பேரச் சொன்னப்போ ஒரு தடவ கண்ண மூடினீங்க.

இங்க நடக்கறத எழுதுறேன். கட்சி ஆபீஸ்ல மாட்டியிருந்த கிர்ஸ்டி போட்டோவக் கழட்டி, அட்டைப்பெட்டியில போட்டு என் வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டாங்க. காபிக்கடையில நம்ம கட்சிக்கார டொலீனா, நான் பின்னாடி நிக்கறது தெரியாம, "சாவுக்கு இருநூறு சாண்ட்விச் அடுக்கினேன்டி இந்தக் கையால! எங்களையெல்லாம் வித்துட்டுப் போனவளுக்கு!"ன்னா. திரும்பி என்னப் பாத்துட்டா. மூஞ்சி செவந்து போச்சு. ஆனா சொன்னத வாபஸ் வாங்கல. கட்சிக்காரங்க கதவத் தட்டறாங்க. இதுவரைக்கும் பதினோரு பேரு. "உனக்கும் தெரியுமா?"ங்கறதுதான் எல்லாருக்கும் கேள்வி.

ஒண்ணு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. கிர்ஸ்டி பேருக்கு இன்னும் எல்லாத் தபாலும் வருது. நூலகத்துலேருந்து, பல் டாக்டர்கிட்டேருந்து, செருப்புக்கடையிலேருந்து கூட. அவ போனது எந்தப் பட்டியலுக்கும் தெரியல. உங்க கடுதாசி எனக்கு வந்துச்சு, நாய்க்கு வந்துச்சு. கிர்ஸ்டிக்கு மட்டும் வரல.

அதனால புரோகிராமோட பதிவ முழுசாத் திறந்தேன். வேலையில தினம் பண்றதுதான். எந்தக் கம்பி எப்ப அறுந்துச்சுன்னு வரி வரியாப் படிப்பேன். டூகல் கேட்டப்போ முதல் வரியோட நிறுத்தினது என் தப்பு. தேதியக் கூடப் பாக்கல.

மார்ச் 23, ஞாயிறு. 10:41 கிர்ஸ்டி கணக்கு திறந்திருக்கு. 10:43 கிர்ஸ்டி டுசெட் பேருக்கு நேரே "இறந்தவர்"னு மாத்தியிருக்கு. 10:46 முழுப் பட்டியலும் இறங்கியிருக்கு.

கிர்ஸ்டி போனது பிப்ரவரி 9.

அந்த ஞாயித்துக்கிழமை அவ துணிமணிய எடுத்து வைக்க நீங்க வந்தீங்க. "நாயக் கூட்டிக்கிட்டு கொஞ்சம் நடந்துட்டு வா, நான் பாத்துக்கறேன்"னீங்க. நான் திரும்பி வந்தப்போ அடுப்புல சூப்பு இருந்துச்சு. அவ லேப்டாப் மேசை மேல மூடி இருந்துச்சு.

அந்த ஒரு வார்த்தைய மாத்தறதுக்கு நான் ஆறு வாரம் அந்தத் திரைக்கு முன்னாடி உக்காந்திருக்கேன். என்னால முடியல.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ உங்ககூட வர்றதா இருந்தாளா? நீங்க பதில் போடற வரைக்கும் யார்கிட்டயும் பேச மாட்டேன்.

ஆன்செல்


ஹாலிஃபாக்ஸ்
மே 9

ஆன்செல்,

உன் கடுதாசியப் படிச்சுட்டு ரெண்டு நாள் ஓட்டு கேக்க ஊர்ப்பக்கம் வரல. வயித்துவலின்னு சொல்லிட்டேன்.

இல்ல. அவ வர்றதா இல்ல. உயிரோட இருந்திருந்தா அன்னிக்கே பாஸ்வேர்ட மாத்தியிருப்பா. என் பலகையக் கூட வாசல்ல வைக்க விட்டிருக்க மாட்டா. அவ அப்பா மாதிரி.

அன்னிக்கு லேப்டாப்பத் திறந்தது பட்டியலுக்காகத்தான். பொய் சொல்ல மாட்டேன். திறந்தா முதல்ல உங்க தெருதான் வந்துச்சு. உன் பேரு, கீழ அவ பேரு, "உறுதியான ஆதரவு"ன்னு. அவ அப்பா ஆங்கஸ் செத்து அஞ்சு வருஷம் வரைக்கும், தேர்தலுக்குத் தேர்தல் யாராச்சும் என் கதவத் தட்டி, "ஆங்கஸ் இருக்காரா? ஓட்டுப் போட வண்டி அனுப்பட்டுமா?"ன்னு கேப்பாங்க. என் கட்சி ஆளுங்களே கேட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் கதவ மூடிட்டு அங்கயே தரையில உக்காந்துடுவேன். உனக்கு அது நடக்கக் கூடாதுன்னு தோணுச்சு. கை தானா மாத்திடுச்சு. அதுக்கு அப்புறந்தான் மத்தத எடுத்தேன். என்ன மாட்டிவிடப் போறது அந்த ஒரு வரிதான்னு அப்ப எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தாலும் மாத்தியிருப்பேன்.

டிவியில சொன்னது வேற. ஏற்கனவே அவ பேரு வெளிய வந்திருச்சு, அதுக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கிட்டேன். கேவலந்தான்.

ஆனா நீ கொஞ்சம் யோசி. ரெண்டு புள்ளி முன்னாடி இருக்கேன், அவ்வளவுதான். இது வெளிய வந்தா தோத்துடுவேன். தோத்தா டிசம்பருக்கு மேல அந்தக் கதவு மூடிடும். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை யாரோ ஒருத்தன் பொண்டாட்டியத் தூக்கிக்கிட்டு அந்த அட்டை முன்னாடி நிப்பான். செத்தவளுக்கு இதுல என்ன போகுது? எனக்காக இதப் பொறுத்துக்குவா. பதினெட்டு நாள்தான் மகனே.

வெர்னா


டன்மோர்
மே 15

மதிப்புக்குரிய வெர்னா மெக்கின்னன் அவர்களுக்கு,

உங்க கடுதாசி கிடைச்சுது.

நீங்க சொன்னத யோசிச்சேன். எனக்கு யோசிக்க ஒரே வழிதான் தெரியும், எண்கள எழுதிப் பாக்கறது. அன்னிக்கு 11:20க்கு அவ சமையல்கட்டுல தலையப் பிடிச்சா. 11:34க்கு நம்ம ஆஸ்பத்திரி கதவு. அட்டை. அடுத்த ஆஸ்பத்திரி 94 கிலோமீட்டர். 58ஆவது கிலோமீட்டர்ல மூச்சு நின்னுச்சு. மீதி 36ஐயும் நான் ஓட்டினேன். பேசிக்கிட்டே ஓட்டினேன்.

அதனால அந்தக் கதவோட விலை என்னன்னு எனக்கு நீங்க சொல்ல வேண்டாம்.

என் கதவ யாரும் தட்டிடக் கூடாதுன்னு ஒரு வார்த்தைய மாத்தினீங்க. அதுக்கு நன்றி. நிஜமாத்தான் சொல்றேன். ஆனா இப்ப பதினாலு பேரு தட்டியாச்சு. "கிர்ஸ்டி இருக்காளா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தா தாங்கியிருப்பேன். கிர்ஸ்டி எப்பிடிப்பட்டவன்னு கேக்கறாங்க. எட்டு வருஷம் பனியில நடந்தவ. செத்தவளுக்கு என்ன போகுதுன்னு கேட்டீங்க. அவகிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்.

பதிவு இருக்கற பக்கத்த அச்செடுத்து இதோட வெச்சிருக்கேன். புரோகிராம்லேருந்து அழிச்சுட்டேன். என்கிட்ட வேற பிரதி இல்ல. டூகல்கிட்ட சொல்லப் போறதில்ல. நான் சொன்னா பழிவாங்கறதாப் போயிடும். கிழிக்கறதோ படிக்கறதோ உங்க இஷ்டம்.

இருபத்தொண்ணாந்தேதி ஊர் மன்றத்துல வேட்பாளர் கூட்டம். மூணாவது வரிசையில இருப்பேன். பக்கத்து நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன்.

ஆன்செல் டுசெட்


டன்மோர்
ஜூன் 5

அன்புள்ள அம்மா,

பத்து நாளா இங்க டன்மோர்ல உங்க வீட்டுத் திரைச்சீலை மூடியே இருக்கு. போன் அடிச்சா எடுக்கறதில்ல. அதான் கதவுக்கு அடியில இதத் தள்ளிட்டுப் போறேன்.

அன்னிக்கு ஊர் மன்றத்துல உங்க முறை வந்தப்போ சாலைக்கும் தோணித்துறைக்கும் எழுதி வெச்சிருந்த காகிதத்தத்தான் எடுப்பீங்கன்னு நினைச்சேன். நான் அனுப்புன பக்கத்த எடுத்தீங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு அந்த மூணு வரியையும் படிச்சீங்க. "என் பொண்ணு குடுக்கல. அவ செத்து ஆறு வாரத்துக்கு அப்புறம் நான் திருடினேன்." பின்னாடிலேருந்து ஒருத்தன், "அப்ப டிவியில சொன்னது?"ன்னு கத்தினான். நீங்க, "பொய்"னீங்க. வேற ஒண்ணும் சேக்கல. உங்கள எதுத்து நிக்கற கட்சிக்காரரு டூகல்தான் எழுந்து, "போதும் வெர்னா, உக்காரும்மா"ன்னார்.

நீங்க அன்னிக்கு என்னப் பாக்கவே இல்ல. பக்கத்து நாற்காலியத்தான் பாத்தீங்க.

மறுநாள் டொலீனா வந்தா. கையில முட்டைக்கோசுக் கறி வெச்ச பாத்திரம். வாசல்லயே நின்னு, "என் வாயில மண்ணு விழ. அந்தப் போட்டோவக் குடுய்யா, நானே மாட்டறேன்"ன்னு அழுதா. நானே கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன். கதவத் தட்டறது நின்னுபோச்சு.

ஓட்டுப் போடப் போனேன். மேசையில பக்கத்து ஊர்ப் பொண்ணு ஒருத்தி, அவளுக்கு என்னத் தெரியாது. அரசாங்கப் பட்டியல், ஸ்கேல். "டுசெட், ஆன்செல்"னு ஒரு கோடு போட்டா. அடுத்த வரியில ஸ்கேல நகத்திட்டு நிமிந்து, "கிர்ஸ்டி டுசெட்? அவங்க அப்புறமா வர்றாங்களா?"ன்னா.

நீங்க கட்சிப் பட்டியலத்தான் மாத்தினீங்க. இது உங்க கைக்கு எட்டாத பட்டியல்.

"இல்ல. அவ செத்துட்டா. பிப்ரவரி ஒம்போது"ன்னேன். சத்தமாச் சொன்னேன். நாலு மாசத்துல என் வாயால சொன்னது அதுதான் முதல் தடவ. அந்தப் பொண்ணு பதறிப்போய், "மன்னிச்சிருங்க சார்"னா. "பரவால்ல, கோடு போடுங்க"ன்னேன். போடற வரைக்கும் நின்னு பாத்தேன். அப்புறம் மறைப்புக்குப் பின்னாடி போய் உங்க பேருக்கு நேரே போட்டேன்.

அறுபத்திரெண்டு ஓட்டுல போயிடுச்சு. டிசம்பருக்கு அப்புறம் என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது. ஜெயிச்சவர்கிட்ட போய் நிக்கணும். எண்களோட நிக்கணும். எண்கள் என்கிட்ட இருக்கு. பேச எனக்கு வராது, உங்களுக்கு வரும்.

கராஜ்ல இருந்த பலகைக் கம்புகளப் பிடுங்கி வேலி கட்ட ஆரம்பிச்சிருக்கேன். பார்னபி அஞ்சு மணிக்கு ரோட்டுக்கு ஓடுது.

மீன் சூப்பு தீந்துபோச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க, சமைக்கக் கத்துக்குடுங்க. ஆஸ்பத்திரி வழியா வாங்க. கதவு திறந்திருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.

உங்க மகன்,
ஆன்செல்