தாளம் மட்டும் போடுகிறவர்கள்

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

"போனில் 'ம்' கொட்டத்தான் உனக்குத் தெரியும், எழுதியாவது தொலை" என்றாய். எழுதுகிறேன்.

பாட்டு வகுப்புக்கென்று எனக்குத் தந்திருப்பது உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்த அறை. பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைக்கிறேன். தடுப்புச் சுவர் கூரைவரை போகவில்லை. அந்தப் பக்கம் கணக்கு டீச்சர் சாக்பீஸை உடைப்பதுகூட எனக்குக் கேட்கிறது. அப்படியென்றால் நான் பாடுவது அவருக்கு எப்படிக் கேட்கும் என்று நினைத்தாலே குரலைத் தணித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் வகுப்பில் பாதிப் பேருக்குக் குரல் சுருதியில் ஒட்டவே இல்லை. அடித்தொண்டையில் உறுமுகிறார்கள். அவர்களைப் பின்வரிசைக்கு மாற்றித் தாளம் மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். இப்போது பாட்டு ஓரளவு பாட்டு மாதிரி கேட்கிறது. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு வாண்டு, 'பொக்கை' என்று கூப்பிடுகிறார்கள், அவள்தான் நச்சரிக்கிறாள். "டீச்சர், நாங்க எப்ப பாடுவோம்?" "அப்புறம்." "நேத்தும் அப்புறம்னுதான சொன்னீங்க."

தலைமையாசிரியை பாட்டு நேரத்தை எடுத்து வாசிப்புப் பயிற்சிக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறாராம். வந்து கேட்டுவிட்டு முடிவு சொல்வார். பாட்டு நேரம் போனால் நானும் போக வேண்டியதுதான். அப்பாவிடம் சொல்லாதே.

தங்கை


ஜூன் 28

என் ஊமைக்கோட்டானுக்கு,

நேரில் ஒரு வரி பேசாதவள் எழுத்தில் இரண்டு பக்கம் பேசுகிறாய். உன் கடிதத்தைச் சோறு வேகும்போது ஒருமுறையும், பிள்ளையைத் தூங்கப் பண்ணிவிட்டு ஒருமுறையும் படித்தேன்.

அப்பா லாரி ஷெட்டில், "நம்ம சின்னது டீச்சராக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். "என்ன டீச்சருண்ணே?" என்று யாராவது கேட்டால் மட்டும் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாராம். வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் பாட்டுச் சொல்லித் தருகிறாள் என்பதற்கு அவர் வாய் இன்னும் பழகவில்லை.

பாட்டு நேரம் போனால் போகட்டும். இவர், அதான் உன் மாமா, வேலை பார்க்கும் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. "எப்ப பாடுவோம்" என்று நச்சரிக்க யாரும் இல்லை. மாமா என்னிடம், "அவ சரின்னும் சொல்ல மாட்டா, இல்லன்னும் சொல்ல மாட்டா. நீயே கேட்டுச் சொல்லு" என்கிறார். கல்லூரியில் இடம் கேட்டுப் போனதும் நான்தான், விடுதி வார்டனிடம் சண்டை போட்டதும் நான்தான். இதற்காவது நீயாகப் பதில் எழுது.

அக்கா


ஜூலை 7

அன்புள்ள அக்கா,

வேலை பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது மனம் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

நேற்று இடைவேளையில் ஜன்னலோரம் நின்றிருந்தேன். வெளியே என் பின்வரிசைப் பிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். தாண்டும்போது எண்ணிக்கையை ராகம் போட்டுச் சொல்வார்கள் இல்லையா, அந்தப் பாட்டு. தாளம் மட்டும் போடுகிற அத்தனை பேரும் ஒரே சுருதியில், இம்மி பிசகாமல், கணீரென்று பாடினார்கள். பொக்கைதான் தலைவி.

அறைக்குள் ஓடிச் சுருதிப்பெட்டியை வைத்துப் பார்த்தேன். நான் வகுப்பில் வைக்கிற சுருதியைவிட எங்கேயோ உயரத்தில் இருந்தது அது. அப்போதுதான் உறைத்தது. மேலே பாடினால் குரலைத் திறந்து பாட வேண்டும், கணக்கு டீச்சருக்குக் கேட்கும். அதற்குப் பயந்து சுருதியைக் கீழே இறக்கியே வைத்திருந்தேன். அவ்வளவு கீழே இறங்கச் சின்னப் பிள்ளைகளின் குரலுக்கு வழியே கிடையாது. எப்படியோ சமாளித்தவர்களை முன்னே வைத்தேன். முடியாதவர்களுக்குக் குரலே சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். மூன்று வருடம் கல்லூரியில் பாட்டைத்தான் படித்தேன், அக்கா.

இன்று சுருதியை ஏற்றி வைத்தேன். முதல் அடி பாடுவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து நின்றது. "எங்க டீச்சர் கொஞ்சம் மெதுவா பாடச் சொன்னாங்க." உடனே இறக்கிவிட்டேன். பொக்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை


ஜூலை 13

அன்புத் தங்கைக்கு,

அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்றாய். அந்தக் கடிதம் வராது என்று எனக்குத் தெரியும். அதனால் நீ சரி என்று சொன்னதாக மாமாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை மேலாளர் உன்னைப் பார்க்க வேண்டுமாம். முதல் நாளே வந்துவிடு. அந்த நீலப் புடவையை இஸ்திரி போட்டு வைக்கிறேன்.

கோபப்படாதே. ஒரு பிள்ளை வந்து மெதுவாகப் பாடு என்றதும் இறக்கிவிட்டேன் என்கிறாய். அந்த இடத்தில் நீ எப்படிப் பிழைப்பாய்? பேசத் தெரிந்தவர்களையே அங்கே நாலு பேர் பேசி அடக்கிவிடுவார்கள். அதற்குப் பேசாமல் அந்த அலுவலக நாற்காலியில் உட்காருவது நல்லது.

அக்கா


ஜூலை 22

அக்கா,

நான் வரவில்லை என்பது நேற்றே உனக்குத் தெரிந்திருக்கும். தலைமையாசிரியை கேட்க வருவதாகச் சொன்னதும் அதே வெள்ளிக்கிழமைதான். இதை முன்கூட்டியே எழுதியிருக்கலாம். எழுதினால் நீ எப்படியாவது என்னைக் கிளப்பிவிடுவாய் என்று பயந்து எழுதவில்லை.

நேற்றுக் காலையில் கணக்கு டீச்சரின் வகுப்பு வாசலுக்குப் போனேன். "இன்னிக்கு ஒருநாள் சத்தமா இருக்கும், டீச்சர்" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒருநாள்தானா?" "இல்ல. இனிமே தினமும்." எப்படி வந்தது அந்த வார்த்தை என்று எனக்கே தெரியவில்லை. அவர் கரும்பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டார்.

வரிசையைக் கலைத்து எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தேன். சுருதியை ஏற்றினேன். தலைமையாசிரியை உடைந்த பெஞ்சுகளின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது அடியில் என் குரல் பிசிறி உடைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் நிறுத்திவிட்டேன், ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே மேலே போனார்கள். ஒழுங்காக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இருவர் தாளத்தை முந்தி ஓடினார்கள், ஒருத்தி வரிகளையே மாற்றிவிட்டாள். ஆனால் ஒருவரும் உறுமவில்லை.

"ரொம்ப இரைச்சல்" என்றார் தலைமையாசிரியை. "இந்த அறை வேணாம். தண்ணித் தொட்டி பக்கத்துல கொட்டகை இருக்கு, அங்க போங்க. அரையாண்டு வரைக்கும் பாக்கலாம்." அவ்வளவுதான். அரையாண்டுக்குப் பிறகு என்ன என்று தெரியாது.

மாமாவுக்கு நீ கொடுத்த வாக்கை நான் கெடுத்துவிட்டேன். ஆனால் அந்த வாக்கு நான் கொடுத்தது இல்லை. இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

தங்கை


ஜூலை 29

தங்கைக்கு,

அந்த வெள்ளிக்கிழமை மாமா மேலாளர் அறை வாசலில் உனக்காக நின்றுகொண்டே இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவரிடம் உனக்குக் காய்ச்சல் என்றேன். "காய்ச்சல் அவளுக்கில்ல, உன் வாய்க்கு" என்றார். அன்றிலிருந்து என்னிடமும் சரியாகப் பேசுவதில்லை. வேறு ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்களாம்.

உன் கடைசி வரிகளைப் படித்து முதலில் கோபம் வந்தது. இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து உன் பங்கையும் சேர்த்து நானே பேசி வந்தேன். நீ வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல இடம் கொடுத்தேனா என்பது எனக்கே இப்போது தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. மாமா முன்னால் உட்கார்ந்து ஏன் வரவில்லை என்று நீயே சொல். அவர் கத்துவார். நான் அடுப்படியில்தான் இருப்பேன். நீ திக்கினாலும் வெளியே வர மாட்டேன், அழுதாலும் வர மாட்டேன். நீ பேசி முடிக்கிறவரை இந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு கிடையாது.

அக்கா