ஏரிக்கரையில் பக்கத்து வீடு

புதன், இரவு

கம்பெனியைப் பிரித்தபோது சாயப்பட்டறையைத் தனக்கே வைத்துக்கொண்ட அண்ணனோடு எனக்குப் பல வருடமாகப் பேச்சில்லை. அவர் முகத்தில் விழிக்காமல் முதுமையைக் கழிக்கத்தான் மெக்ஸிகோவில் ஏரிக்கரை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பல நாட்டுக்காரர்கள் ஓய்வுக்காலத்தில் குடியேறும் ஊர், செலவும் குறைவு. நாளை வீட்டு ஏஜென்ட்டிடம் முடிவு சொல்ல வேண்டும்.

இன்று காங்கேயத்தில் கல்யாணப் பந்தியில் அவரே வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

“ஏந்தம்பி, ஏதோ ஏரிக்கரைக்குக் குடி போறயாமா?”

“ஆமாங்கண்ணா.” வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“பக்கத்துல இன்னொரு ஊடு கெடைக்குமா? உங்கண்ணி போனப்புறம் சண்டை போடக்கூட எனக்கு ஆளில்லடா.”

இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏஜென்ட் அனுப்பிய படத்தில் பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது. காலியா என்று காலையில் கேட்டுத் தொலைக்கிறேன். சாயப்பட்டறையை மட்டும் மறக்க மாட்டேன்.