சத்தமில்லாத லிப்ட்

பாப்பாவுக்கு,

"பிசியோதெரபி மேற்படிப்புக்கு மூணு காலேஜ் பார்த்து வச்சிருக்கேன். நீங்களே ஒண்ணைச் சொல்லுங்கப்பா" என்று போனில் கேட்டாய். வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். வேலையெல்லாம் ஒன்றுமில்லை.

போன தடவை நான் சொன்ன கல்லூரியில் லிப்ட் சத்தமே இல்லாமல் ஏறியது. முப்பது வருஷமாக லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? லிப்டையே இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று நினைத்தேன். நாலு வருஷம் கழித்து, அந்தப் பட்டத்தை வைத்துத் தொழில் பார்க்க லைசென்ஸ் கிடையாது என்று, லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸில் கையை விரித்ததைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை பேசியதில்லை.

நேற்று லீவு போட்டுவிட்டு முதலில் அந்த ஆபீஸுக்கே போனேன். உன் மார்க் ஷீட்டையும் மூன்று கல்லூரிப் பெயர்களையும் நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண்மணி, "எல்லாரும் படிச்சு முடிச்சிட்டுதான் இங்க வந்து அழுவாங்க. சேர்றதுக்கு முன்னாடியே வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார். மேற்படிப்பில் ஆயிரம் மணி நேர ஆஸ்பத்திரிப் பயிற்சி இருந்தால் உனக்கு லைசென்ஸ் உண்டாம். மூன்றில் ஒன்றில்தான் அது இருக்கிறது. சீல் போட்டு எழுதி வாங்கி, இதோடு வைத்திருக்கிறேன்.

அப்புறம்தான் அந்தக் கல்லூரிக்குப் போனேன். பழைய கட்டடம். உன் வகுப்பு நாலாவது மாடியில். லிப்டே கிடையாது! நடுவில் இரண்டு தடவை படியில் உட்கார்ந்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நீ சேரும் நாளன்று நானும் ஏறி வருகிறேன். முழங்கால் போனால் போகட்டும். அதைப் பார்க்க லைசென்ஸோடு வீட்டிலேயே நீ இருக்கப்போகிறாயே.

படியேறப் பழகும்
அப்பா