தரையில் கால் படாத விடங்கராயருக்கு

நலம் நிலைக்க. மலையும் கடலும் ஒருங்கே ஆளும் செழுங்கோ வேந்தர் பணித்தருள, அமைச்சன் ஆதன் கொற்றி எழுதியது. சந்தனம் உலராத மார்பரும் விருந்து ஓயாத மாளிகையருமான வளமங்கலத்துச் சிற்றரசர் விடங்கராயர் காண்க. தங்கள் நாட்டில் மழையும் தங்கள் அடுக்களையில் நெய்யும் குறைவின்றி இருப்பதாக அறிந்து மகிழ்ந்தோம். நெய் விற்றவர்தாம் சற்று வாடியிருக்கிறார்.

கடன் கொடுத்தவர் கடன்பட்டவரைச் சுற்றித் தரையில் கரியால் வட்டம் இட்டால், கடனைத் தீர்க்காமல் அதைத் தாண்டலாகாது என்பது நம் நாட்டுப் பழஞ்சட்டம். மாளிகைக்குள் புகுந்து வட்டம் இடலாகாது என்பதும் சட்டமே. ஆதலால் தாங்கள் வெளியே சிவிகையைவிட்டு இறங்குவதே இல்லை என்றும், தாங்கள் ஆற்றில் நீராடுகையில் சிவிகை சுமப்போர் மார்பளவு நீரில் நிற்கிறார்கள் என்றும், கரித்துண்டோடு பின்தொடரும் பட்டு வணிகரையும் நெய் வணிகரையும் அச்சிவிகையைச் செய்த தச்சரையும் தங்கள் பரிவாரம் என்று விருந்தினருக்குக் காட்டினீர்கள் என்றும் கேள்விப்பட்டோம். சட்டத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கற்றவர் எம் அவையில் எவருமில்லை.

தங்கள் சிவிகையின் முன்தண்டு சுமக்கும் ஏறன் என்பவன் வேந்தரிடம் வந்து முறையிட்டான். இரண்டு அறுவடையாக அவனுக்குக் கூலி இல்லை. வீட்டார் பசியாற அரிசி கடன் வாங்கினான். அவன் கால்கள் எப்போதும் தரையிலேயே இருப்பதால் அரிசிக்காரி எளிதாக வட்டம் இட்டுவிட்டாள். வெயிலில் நின்றான். நண்பகல் கழிந்து அவளே மனம் இரங்கி வட்டத்தை அழித்தாள். ஓடி வந்தவனுக்கு, தாமதித்த குற்றத்துக்காகத் தாங்கள் அபராதம் விதித்தீர்கள். தலைவர் சொல்லாமல் சிவிகையை இறக்கினால் ஊரைவிட்டே விரட்டப்படுவான் என்பதால் அன்றும் சுமந்தான். இதைக் கேட்ட வேந்தருக்குக் கண் கலங்கியது. பிறகு கோபம் வந்தது. கோபம் ஆறிய பிறகே இவ்வோலை எழுதப்படுகிறது.

இனி ஆணை. ஏறனுக்கும் உடன் சுமப்போர்க்கும் உரிய கூலி முழுவதும் அரசுக் கருவூலத்திலிருந்து தரப்பட்டது. ஆகவே தங்களுக்குக் கடன் கொடுத்தோர் வரிசையில் வேந்தரும் சேர்ந்துவிட்டார். தரையில் வைத்த சிவிகையும் தரையே என்று அறங்கூறவையம் முடிவு செய்துள்ளது. தாங்கள் சிவிகையில் எழுந்தருளியிருக்கையில், நடுக் கடைத்தெருவில், இவ்வோலையை எம் தூதர் உரக்க வாசிக்க வேண்டும். தங்கள் பரிவாரத்தார் அதுவரை பொறுத்திருக்குமாறு வேந்தர் கேட்டுக்கொள்கிறார். வேந்தருக்குரிய வட்டத்தை அவர் சார்பில் ஏறன் இடுவான். அதுவே முதல் வட்டம்.

யாளி முத்திரை பொறித்தோம். இவ்வாணைக்கு மறு ஆணை இல்லை. வாசிப்பவர் இனி விடங்கராயரை விட்டு, ஏறனை நோக்கிச் சொல்ல வேண்டிய சொல் ஒன்றே.

இறக்குக.