மயினி சொல்லச் சொல்ல எழுதிய பன்றிச் செய்தி

மயினி,

இன்று காலை எங்கள் செம்பூர் குவார்ட்டர்ஸ் மாடிப்படிக்கு வெள்ளையடிக்க வந்தவன், ஒரு தகர டின்னில் சுண்ணாம்புக் கல்லைக் கொட்டித் தண்ணீரை ஊற்றினான். அது புஸ்ஸென்று பொங்கி, நெடி வீட்டுக்குள் வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். வாயில் நுரை, கண்ணில் நீர். “சுண்ணாம்பு கண்ணுக்கு ஆகாது, உள்ளே வாங்க” என்று என் மனைவி பனியனைப் பிடித்து இழுத்தாள். சுண்ணாம்புதான் காரணம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். மனைவி சொல்வதை ஒத்துக்கொள்வதில் எனக்குப் பல வருடப் பயிற்சி.

உண்மையில் என் கண்முன் நின்றது, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு தாராவியில் உங்கள் பன்றிக்கொட்டில் வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்ட நீங்கள்தான். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், வழக்கம்போல ஊர்க்கதை கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். நேராக விஷயத்துக்கு வந்து எனக்குப் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பம்பாயில் சினிமாவுக்குப் பத்திரிகை உண்டு, பங்குச் சந்தைக்கு உண்டு, குதிரைப் பந்தயத்துக்குக்கூட உண்டு. பன்றி வளர்ப்பவர்களுக்கென்று தமிழில் ஒரு பத்திரிகை நடத்திய பெருமை எனக்கு மட்டுமே. ஆசிரியரும் நானே, நிருபரும் நானே. அச்சகம் என்பது என் ஆபீஸ் மேஜையிலிருந்து என்னோடு வீட்டுக்கு வந்துவிட்ட நாலு கார்பன் தாள். வாரத்துக்கு ஐந்து பிரதி. முதல் பிரதியில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஐந்தாவது பிரதியைப் படிக்கத் தீர்க்கதரிசன வரம் வேண்டும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும், உங்கள் வீட்டு வரிசை முனை டீக்கடையில் நானே உரக்க வாசித்துவிடுவேன். வியாழக்கிழமை மாட்டுங்காவில் எந்த மண்டபத்தில் கல்யாணம், எத்தனை பந்தி, எச்சில் இலை எத்தனை மணிக்கு வெளியே வரும். முனிசிபாலிட்டி வண்டி எந்தச் சந்துக்குள் நுழையப்போகிறது. குட்டிக்குப் பேதி கண்டால் என்ன செய்வது. பன்றி வாங்க வரும் பாந்திரா கோவாக்காரர் இந்த வாரம் என்ன விலைக்குக் கேட்கிறார். இவைதான் தலைப்புச் செய்திகள். ரஷ்யாக்காரன் ஆகாயத்துக்கு ஆள் அனுப்பிய வாரத்திலும் எங்கள் முதல் செய்தி கடலைப் புண்ணாக்கு விலைதான்.

மாட்டுங்கா மெஸ்களிலும் ஓட்டல்களிலும் மிஞ்சியதை டின் டின்னாகச் சுமந்து வந்துதான் நம் பன்றிகள் வளர்ந்தன. வெள்ளிக்கிழமைச் சாம்பாரில் வெங்காயம் இருக்காது. அன்றைக்குப் பன்றிகளும் விரதம். மாட்டுங்கா மாமிகள் ஆசாரமாகக் கிண்டிய அவியல், தாராவி வழியாகப் போய், பாந்திராவில் கிறிஸ்துமஸ் விந்தாலுக் கறியாக மறுபிறவி எடுப்பது அந்த மாமிகளுக்குக் கடைசிவரை தெரியாது. நானும் அதை அச்சில் ஏற்றவில்லை. பத்திரிகைக்காரனுக்குச் சில ரகசியங்கள் உண்டு.

உங்கள் வீட்டுக்காரர் எனக்குப் பெரியப்பா மகன். மில் ஷிப்ட் முடிந்து வந்தால் அண்ணனுக்குத் தூக்கம் ஒன்றுதான் தெரியும். ஏழு தாய்ப்பன்றியும் ஓர் ஆண்பன்றியும் உங்கள் ராஜ்ஜியம். என் பத்திரிகைக்கு ஒரே விமர்சகரும் நீங்கள்தான். ஒருமுறை பேதி வைத்தியத்தை, “ஆருயிர் அன்பர்களே, அகிலம் போற்றும் ஆரோக்கியமே” என்று ஆரம்பித்தேன்.

“கொழுந்தனாரே, இத நீரு வாசிச்சு முடிக்கதுக்குள்ள பன்னி செத்துரும். கரித்தூளக் கஞ்சித்தண்ணியில கலக்கிக் குடுன்னு சொல்லிட்டு அப்புறமா அகிலத்தக் கூப்பிடும்” என்றீர்கள். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அகிலத்தை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. கடைசி வரிக்குத் தள்ளிவைத்தேன்.

நான் சொல்லவந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஐந்து வாரம் இருந்தது. உங்கள் ஒற்றை அறைக்குப் பக்கத்து அறை காலியாகிறது என்றும், பண்டிகை வியாபாரம் முடிந்ததும் அதைப் பிடித்துவிட வேண்டும் என்றும் நீங்கள் பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். “சமையலுக்கு ஒண்ணு, படுக்க ஒண்ணு. உங்க அண்ணன் குறட்ட ஒரு சொவருக்கு அந்தப்பக்கம் இருக்கட்டும்” என்பீர்கள்.

அந்தச் சமயத்தில்தான், அப்போது தாராவியிலேயே குடியிருந்த நான், ஒரு சனிக்கிழமை செய்தி சேகரிக்கச் செம்பூருக்குப் போனேன். அங்கே ஒருவர் பெரிய கொட்டில் வைத்திருந்தார்; வருகிறவர்களுக்கு அவர் போடும் வறுவல் தாராவி வரை பிரசித்தம். அவர் பெயர் வேண்டாம், பிள்ளைகள் நல்ல வேலையில் இருக்கிறார்கள். கொட்டில் மூலையில் ஐந்தாறு பன்றிகள் குளிருக்கு ஒண்டுவதுபோல ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தன. ஒன்றின் காதோரம் ஊதா நிறத்தில் தடிப்பு. “என்ன அண்ணாச்சி, காது தடிச்சிக் கெடக்கு?” என்று கேட்டேன்.

“கொசுக்கடிவே. எழுதிக் கிழுதித் தொலைச்சிராதீரு, யாவாரம் கெட்டுரும். உக்காரும், வறுவல் இருக்கு” என்றார்.

மயினி, நான் உட்கார்ந்தேன். இன்றுவரை அதுபோல ஒரு வறுவல் நான் சாப்பிட்டதில்லை. தேங்காய்ப் பல், பச்சை மிளகாய், ஓரத்தில் மொறுமொறுவென்று கொழுப்பு. இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன். அந்த வாரப் பத்திரிகையில் செம்பூர்ச் செய்தி என்ற தலைப்பே இல்லை. உலகத்தில் பத்திரிகையாளர்களை விலைக்கு வாங்குகிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம், என் விலை ஒரு தட்டு வறுவல் என்று எனக்கு நினைவு வரும்.

மறுநாள் ஞாயிறு, வாசிப்பு முடிந்ததும் அதே செருப்போடு உங்கள் கொட்டிலுக்கு வந்தேன். உள்ளே போய், பன்றிகளை எண்ணி, ஆண்பன்றியின் முதுகைச் சொறிந்துவிட்டு, உங்கள் கையால் ஒரு சாயாவும் குடித்துவிட்டுப் போனேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை உங்கள் தாய்ப்பன்றி ஒன்று தொட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று படுத்துவிட்டன. கண்ணில் பீளை, பின்னங்கால் தள்ளாட்டம், காதில் அந்த ஊதாத் தடிப்பு. நான் கொட்டில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது, செம்பூர்க் கொட்டிலின் மூலை அப்படியே இங்கே வந்து கிடந்தது.

திங்கள் விடியுமுன்பே நீங்கள் பரேலில் இருந்த மிருக டாக்டரைத் தேடி நடந்தே போனீர்கள். ரயிலில் போனால் உரசுகிறவர்களோடு நோயும் போய்விடும் என்று நடந்ததாகப் பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்தவர், வரிசைக்குள் நுழையாமல் டீக்கடைக்கு எதிரே தெருவோரம் நின்றபடி எனக்கு ஆள் அனுப்பினீர்கள். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் ஓடி வந்தேன். கிட்டே வரவேண்டாம் என்று கையைக் காட்டினீர்கள்.

“இது பன்னிக் காய்ச்சலாம். மனுசனுக்கு ஒட்டாதாம், ஆனா பன்னிக்கு மருந்து கெடையாது. கொதிக்க வைக்காத எச்சில்ல வருமாம். இல்லாட்டி, காய்ச்சல் கெடக்குற எடத்துல மிதிச்ச காலோட வருமாம்.” சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தீர்கள். “கொழுந்தனாரே, இந்தப் பத்து நாளா நீரு எங்கல்லாம் போனீரு?”

“இங்கதான்... மாட்டுங்கா வரைக்கும்” என்றேன்.

என் காலிலிருந்து பார்வையை எடுக்க உங்களுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

“காயிதம் இருக்கா? எழுதும். ஞாயித்துக்கெழம வரைக்கும் காத்திருக்க ஏலாது. இப்பமே வாசிக்கணும்.”

சட்டைப்பையிலிருந்த ரயில் பாஸ் உறையைக் கிழித்து அதன் பின்புறம் எழுதினேன். நீங்கள் ஒவ்வொரு வரியாகச் சொன்னீர்கள்.

“என் கொட்டில்ல காய்ச்சல் வந்திருக்கு. என் பேரையும் என் வீட்டுக்காரர் பேரையும் மொதல்ல போடும். யாரும் என் வீட்டுக்கு விசாரிக்க வரக்கூடாது. என் பன்னிய யாரும் வாங்கக்கூடாது, எறச்சியும் வாங்கக்கூடாது. அவனவன் கொட்டில் வாசல்ல சுண்ணாம்பு போடணும். வெளிய போயிட்டு வந்தா கால கழுவாம உள்ள போகக்கூடாது. எச்சில் தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுத்தான் ஊத்தணும். ஒருத்தன் கொட்டிலுக்கு ஒருத்தன் போகக்கூடாது.” இன்னொரு வரி இருக்கிறது என்றீர்கள். “காய்ச்சல் எப்படி வந்ததுன்னு தெரியல. அதையும் எழுதும்.”

எழுதினேன். அந்த வரி மட்டும் கோணலாக வந்தது. அகிலத்துக்கு அன்று இடமில்லை.

நம் ஊர் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் துக்கம் என்றால் வரிசை முழுக்க வந்து நின்றுவிடும். மனிதன் என்ன, பன்றி என்ன. படுத்த பன்றியை ஒவ்வொருவரும் காதைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, தனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றைச் சொல்லிவிட்டு, அப்படியே தன் கொட்டிலுக்குப் போய்த் தீனி வைப்பார்கள். அன்றைக்கும் கிளம்பிவிட்டார்கள். நீங்கள் வாசலில் கோட்டைப் போட்டு, அதற்குப் பின்னால் கம்போடு நின்றீர்கள். முதலில் வந்தவர் எகிறினார்.

“என்ன மயினி, துக்கம் கேக்க வந்தா கம்ப ஓங்குதிய? நாங்க என்ன, பன்னி திருடவா வந்தோம்?”

“திருடிட்டுப் போனாலும் பொறுத்துக்கிடுவேன். மிதிச்சிட்டுப் போகாதிய. கோட்டத் தாண்டுனா தலைய ஒடப்பேன்.”

“பெரிய சீமாட்டி! இனிமே இவ வீட்டு வாசல்ல எவன் காறித் துப்புதாம்னு பாப்போம்!”

“துப்பணும்னாலும் அங்க நின்னே துப்பிட்டுப் போங்க.”

புதன்கிழமை கோவாக்காரர் வந்து கோட்டுக்கு வெளியே நின்றார். அப்போது இரண்டு பன்றிகள் இன்னும் தீனி தின்றுகொண்டிருந்தன. அந்த இரண்டையும் அன்றைக்கே வெட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். எனக்குத் தெரிந்து அந்தக் காசு பக்கத்து அறைக்கு முன்பணமாகவாவது போதும். நீங்கள் அந்த இரண்டையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு, “நஹீ சேட். கால்ல ரத்தத்த மிதிச்சுக்கிட்டு நீ அடுத்த கொட்டிலுக்குத்தான் போவ” என்று பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் சொல்லி அனுப்பிவிட்டீர்கள்.

அந்த இரண்டும் தப்பவில்லை. எட்டையும் உப்பங்கழியோரச் சேற்றுநிலத்தில், தூங்கப் போன அண்ணனை எழுப்பிக் கூட்டிப்போய், ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தீர்கள். நான் உதவ வருகிறேன் என்றேன். “நீரு ஒம்ம வேலையப் பாரும். தெனம் வாசியும்” என்றீர்கள். இரண்டு வாரம் தினமும் வாசித்தேன். வரிசை முழுக்க வாசலுக்கு வாசல் வெள்ளைக் கோடு. அதுவரை கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மட்டும் கால் கழுவியவர்கள், தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டுக்கொண்டு கழுவினார்கள். செம்பூரில் ஒரு கொட்டில் மிச்சமில்லை என்று கேள்விப்பட்டோம். நம் வரிசையில் உங்களுடையதைத் தவிர இன்னொரு பன்றி படுக்கவில்லை.

பக்கத்து அறைக்கு ஒரு தோல் கிடங்குக்காரர் குடிவந்தார். அண்ணனின் குறட்டை உங்கள் பக்கத்திலேயே இருந்தது. கோடை வந்ததும், வரிசைக்காரர் ஒருவர் ஈற்றில் பாதி தனக்கு என்று வாரத்துக்கு விட்ட ஒரு பெட்டைக்குட்டியோடு நீங்கள் மறுபடி ஆரம்பித்தீர்கள். அதை விட்டுச் சென்றவர், அன்று உங்கள் வாசலில் எவன் காறித் துப்புவான் என்று கேட்ட அதே மனிதர்.

மூன்று வருடம் கழித்து ஒருநாள், பாதி தைரியத்தில் கேட்டேன்: “மயினி, அன்னைக்கு என் கால அப்படிப் பாத்தியளே, ஒங்களுக்குத் தெரியுமா?”

நீங்கள் எச்சில் அண்டாவுக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தீர்கள். திரும்பவில்லை. “ஒம்ம செருப்பு வார்ல செம்பூர்ச் செம்மண்ணு இருந்துச்சு.”

“பின்ன ஏன் சொல்லல? என் பேரைப் போட்டிருக்கலாமே?”

“போட்டா? ஒம்மள நாலு சாத்து சாத்திருப்பானுவ. அதோட போயிருந்தா நானே போட்டிருப்பேன். ஆனா மறுநாளு கால கழுவுங்கன்னு நீரு வாசிச்சா எவன் கேப்பான்? பொம்பள நான் சொன்னா கேப்பானா? அந்தத் தாளுல இருந்தாத்தான் கேக்கான். ஒரு தாளு இருக்கு நமக்கு. அதையும் கெடுத்துட்டு என்ன செய்ய?” விறகை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினீர்கள். “வறுவல் நல்லா இருந்துச்சாவே?”

மயினி, பெரிய மேடைகளில் பெரிய மனிதர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். கைதட்டியும் இருக்கிறேன். ஆனால் எட்டுப் பன்றியும் ஓர் அறையும் கைவிட்டுப் போகிற காலையில், தெருவோரம் நின்றுகொண்டு, யார் பெயரைப் போட்டால் வரிசை பிழைக்கும் என்று கணக்காக யோசித்த ஒரு தலையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வாயடைத்துப் போகிறது. வாயடைத்துப் போவது எனக்கு எவ்வளவு அபூர்வம் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

உங்களிடம் சொல்லாமல் விட்டது இதுதான். நீங்கள் செம்மண் என்று சொன்னபோது நான் தலையைத் தொங்கப்போட்டேனே தவிர, ஆமாம் மயினி, என்னால்தான் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன். நம் தாளில் ஒரே ஒரு பொய்தான் வந்திருக்கிறது, அதுவும் எனக்காக நீங்கள் சொன்னது. இந்த மடலை ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் வாசிக்கப்போகிறேன். காய்ச்சல் எப்படி வந்தது என்று வரிசைக்குத் தெரியட்டும். சாத்துகிறவர்கள் சாத்தட்டும். இப்போது அவர்களுக்குக் கால் கழுவ என் யோசனை தேவையில்லை.

எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று காலைப் பார்க்கிறேன், குழாயைத் தேடுகிறேன். குவார்ட்டர்ஸில் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை. போன வாரம் உங்கள் கல்லறைக்கு வந்தபோதும் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் நின்றுவிட்டேன். காவல்காரன் ரத்னகிரிப் பக்கத்து ஆள். “க்யா பாபு, உல்ட்டா கர்த்தா ஹை!” என்று சிரித்தான். நான் தலைகீழாகச் செய்கிறேனாம்; எல்லாரும் வெளியே வரும்போதுதான் கழுவுவார்களாம், உள்ளே போகும்போது அல்லவாம்.

அவன் சொன்னது எல்லாருக்கும் சரிதான். நான் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தேன், மயினி.