எஞ்சினுக்கு வந்த நல்ல காலம்

லம்பாசா
நவம்பர் 1987

என் மரியாதைக்குரிய உர்மிளா அப்பாவுக்குத் தாயம்மா எழுதுவது.

மாரியம்மன் புண்ணியத்தில் நானும் பெண்ணும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். ஆக்லாந்தில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போக முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மார்பில் சளி கட்டும் உடம்பு உங்களுடையது. கவனமாக இருங்கள்.

உங்கள் கடிதம் வந்த உறையை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். பசை வெளியே வழிந்து காய்ந்திருந்தது. போஸ்ட் ஆபீசில் கேட்டேன், மழை ஈரம் என்றார்கள். இந்த மாதம் இங்கே மழையே இல்லை. போகட்டும். யார் படித்தாலும் தமிழ் அவர்களுக்கு விளங்கப் போவதில்லை. நம் சங்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த எழுத்து இப்போதுதான் உபயோகமாகிறது.

படகு ஓடுகிறது. மாலித் தீவுக்குப் போய் வருகிறவர்கள் குறையவில்லை. ஆனால் எஞ்சின் முன்பு போல இல்லை. அதிகமாகப் புகைகிறது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். பெட்ரோலில் கலக்க நாம் வழக்கமாக வாங்கும் டின் ஆயில் வருவதே இல்லை. நம் பணத்தின் மதிப்பைக் குறைத்தபிறகு வெளிநாட்டுச் சரக்கு நின்றுவிட்டது என்று கடைக்காரன் பிஜேந்திரா சொல்கிறான். கடைக்குப் பின்னால் பீப்பாயிலிருந்து பாட்டிலில் ஊற்றித் தருகிறான். இது படகு எஞ்சினுக்கானதுதானா என்று கேட்டேன். எல்லாம் ஒரே எண்ணெய்தான் என்றான். விரலில் தேய்த்துப் பார்த்தேன். தண்ணீராட்டம் இருக்கிறது, மரம் அறுக்கிற ரம்பத்துக்குப் போடுகிற எண்ணெய் வாசனை. அந்தப் பீப்பாயில் என்ன இருக்கிறதோ, அவனுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். கடையின் உள்ளறையில் சாக்குப் போட்டு மூடிய பெட்டிகள் இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துக் கதவைச் சாத்தினான்.

இன்னொரு விஷயம். போன வாரம் கியர் ஆயிலை மாற்றலாம் என்று கீழ்த் திருகைக் கழற்றினேன். எண்ணெய் வரவில்லை, பால் ஊற்றிய டீ மாதிரி வெள்ளையாக வந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பக்கத்து வீட்டு அப்பல்சாமி மாமா பார்த்துவிட்டு, "தானாப் போற தண்ணியா இது? அந்த ஜோசேவாப் பயலை நீ ரொம்ப நம்புறே. அவன் காய்வீத்தி, இந்த மண்ணுக்காரன். இப்போ அவங்க பட்டாளத்து ராஜ்யம். எஞ்சினைக் கெடுத்துப்புட்டா நீ படகை அவன் கையிலே குடுத்துட்டுப் போயிடுவேன்னு கணக்குப் போடுறான்" என்றார். எட்டு வருஷம் நம் படகை ஓட்டியவன். நம் வீட்டில் சாப்பிட்டவன். ஆனால் அன்றிலிருந்து அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாது, வண்டி ஓடக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள் அல்லவா. அன்று படகு ஆற்றோரம் கட்டியே கிடக்கிறது. திங்கட்கிழமை போனால் எஞ்சின் மூடியின் கொக்கி அரைகுறையாக மாட்டியிருக்கிறது. நான் ஒருபோதும் அப்படி விடுவதில்லை. யாரோ திறக்கிறார்கள்.

என்ன செய்யட்டும்? ஜோசேவாவை நிறுத்திவிடவா? உங்கள் பதில் வரும்வரை பொறுத்திருப்பேன்.

உங்கள் உடம்பு தேற அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கும்
தாயம்மா


லம்பாசா
ஜனவரி 1988

உர்மிளா அப்பாவுக்கு வணக்கம்.

பொங்கலுக்குக் கோவிலில் நல்ல கூட்டம். ஆனால் முன்பு முன்வரிசையில் நின்ற குடும்பங்களில் பாதி இல்லை. ஒருவர் சிட்னி, ஒருவர் வான்கூவர். சாமி கும்பிடும்போதே அடுத்தவரிடம் உங்கள் விசா பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கமும் படித்தேன். எஞ்சினின் நம்பரை எழுதி அனுப்பச் சொல்கிறீர்கள். அதன் மேல்பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று கேட்கிறீர்கள். கயிற்றை எத்தனை தடவை இழுத்தால் கிளம்புகிறது என்று கேட்கிறீர்கள். விலை பார்க்காமல் முதல்தரமான ஆயிலும் கடல் கிரீஸும் போடு என்கிறீர்கள். இங்கே இருந்தபோது, டிராக்டர் கிரீஸே போதும் என்று என்னோடு சண்டை போட்டவர் நீங்கள். ஜோசேவாவை நிறுத்தவேண்டாம், மூடிக்குப் பூட்டும் போடவேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ திறக்கிறார்கள் என்று நான் எழுதினால், பூட்டாதே என்று பதில் வருகிறதே. அது எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஆச்சரியம் என்னவென்றால் பிஜேந்திரா மாறிவிட்டான். நான் கேட்காமலேயே சீல் உடைக்காத டின் இரண்டைக் கொண்டுவந்து வைத்தான். படகு எஞ்சினுக்கென்றே வருகிற டூ ஸ்ட்ரோக் ஆயில். கூடவே நீல நிறத்தில் கடல் கிரீஸ் ஒரு ட்யூப். "பாபி, உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன், அந்த பீப்பாய் எண்ணெயை மட்டும் இனிமே போடாதீங்க" என்று இந்தியில் சொன்னான். அண்ணி என்று வாய்நிறையக் கூப்பிடுகிறான். இரண்டு மாதம் முன்பு இல்லாத டின் இப்போது எந்தக் கப்பலில் வந்தது? டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பசை எதுவும் இல்லை. அசல்தான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

கிரீஸையும் சோதித்தேன். ஒரு தகரத் துண்டில் பாதிக்கு டிராக்டர் கிரீஸ், பாதிக்கு இந்த நீல கிரீஸ் தடவி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு வைத்தேன். ஒரு வாரத்தில் டிராக்டர் கிரீஸ் வெளுத்துக் கரைந்து, அதன் கீழே துரு பிடித்துவிட்டது. நீலம் அப்படியே நிற்கிறது. புரொப்பல்லர் தண்டுக்கும், ஸ்டியரிங் கம்பிக்கும், கிரீஸ் ஏற்றுகிற எல்லா நிப்பிளுக்கும் அதையே அடித்தேன்.

கியர் ஆயில் வெளுத்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஜோசேவாதான் புரொப்பல்லரைக் கழற்றுவோம் என்றான். அவன் கழற்ற, நான் அருகிலேயே நின்றேன். தண்டின் அடியில் மீன் பிடிக்கிற நைலான் நரம்பு சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. அது ரப்பர் சீலை அறுத்திருக்கிறது. அந்த வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. புது சீல் போட்டு, கீழ்த் துளையிலிருந்து ஆயிலை அழுத்தி, மேல் துளையில் வழியும்வரை நிரப்பினோம். இப்போது தேன் மாதிரி சுத்தமாக இருக்கிறது. அப்பல்சாமி மாமாவிடம் சொன்னேன். அந்த நரம்பைச் சுத்தினதே அவனா இருந்தா என்றார். சந்தேகத்துக்கு மருந்து இல்லை போலிருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் மூடியின் கொக்கி விஷயம் தீரவில்லை. நான் ஒரு கறுப்பு நூலை எடுத்து, கண்ணுக்குத் தெரியாதபடி கொக்கியில் கட்டி வைத்தேன். திங்கட்கிழமை நூல் அறுந்து கிடந்தது. மறுவாரமும் அப்படியே. சனிக்கிழமை சாயங்காலமே ஜோசேவா ஊர்க்காரர்கள் படகில் தன் மாலித் தீவுக்குப் போய்விடுகிறான், ஞாயிறு முழுவதும் சர்ச்சில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு டவுனில் தம்பிமார் இருக்கிறார்களே என்று மனம் சொல்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்க்கப் போகிறேன். சட்டம் நடப்பதைத் தடுக்கவில்லை. வேண்டாம் என்று நீங்கள் சொல்வதற்குள் பார்த்துவிடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தாயம்மா


லம்பாசா
பிப்ரவரி 1988

உர்மிளா அப்பாவுக்கு.

பார்த்துவிட்டேன்.

காலை வெயில் ஏறும் நேரத்தில் போய் ஆற்றோரத்து அலையாத்திப் புதர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கொசு பிடுங்கியது. தேவாலயங்களில் பாட்டு கேட்டது. ராணுவ லாரி ஒன்று பாலத்தின் மேல் போனது. அப்புறம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனை எனக்குத் தெரியாது, கையில் கருவிப் பை வைத்திருந்தான். இன்னொருவன் பிஜேந்திரா. சொந்தப் படகில் ஏறுவது போல ஏறினான். மூடியைத் திறந்தார்கள். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கட்டைவிரலை வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். கியர் ஆயிலை ஒரு சொட்டு விட்டுக் கைகளில் தேய்த்துப் பார்த்தார்கள். சந்தையில் மாடு பிடிக்கிறவன் பல்லைப் பார்ப்பது போல இருந்தது.

நான் எழுந்து போய் முன்னால் நின்றேன். திருடன் என்றால் ஓடியிருப்பான். பிஜேந்திரா ஓடவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "பாபி, பாய் உங்களுக்கு எழுதலையா?" என்று உங்களை அண்ணன் முறை சொல்லிக் கேட்டான்.

என்ன எழுதவேண்டும் என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. "நான் வாங்கிட்டேனே. படகு, எஞ்சின் ரெண்டும். அட்வான்ஸ் ஆக்லாந்திலே என் மாமன் மூலமா பாய் கையிலேயே குடுத்தாச்சு. உங்ககிட்டே மெதுவாச் சொல்றேன்னாரு" என்றான். எனக்கு ஏன் நல்ல டின் கொடுத்தாய் என்று கேட்டேன். "என் எஞ்சினுக்கு நான் கெட்ட எண்ணெய் விப்பேனா?" என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்கே வெட்கமாகப் போயிருக்கவேண்டும். தலையைக் குனிந்துகொண்டான்.

இன்னொன்றும் கேட்டேன். எங்களை அங்கே அழைத்துக்கொள்வதைப் பற்றி எழுதியிருந்தாரா என்று கேட்டேன். அவன் கூட வந்தவனைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். "அதைப் பத்தி ஒண்ணும் பேச்சு வரலை, பாபி" என்றான்.

அப்போது நான் அழவில்லை. அவனிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னேன். எஞ்சின் அவர் வாங்கியது, படகு என் அப்பா எனக்குக் கொடுத்தது, லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடாமல் இந்தப் பலகையில் ஒரு ஆணிகூட உன்னுடையது இல்லை, கொடுத்ததைக் கொடுத்த இடத்தில் வாங்கிக்கொள் என்றேன். எஞ்சினையாவது கழற்றிக்கொண்டு போவேன், தெரிந்த சிப்பாய் இருக்கிறான் என்று முனகினான். ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் பார்த்த கதையை அந்தச் சிப்பாயிடம் நானும் சொல்கிறேன் என்றேன். போய்விட்டான்.

திங்கட்கிழமை ஜோசேவா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எஞ்சின் மூடியின் கொக்கியைக் கழற்றி மாட்டிப் பார்த்தான். பிறகு, அம்மணி என்று தன் பாஷையில் கூப்பிட்டு, "மராமா, கொக்கியிலே கறுப்பு நூல் கட்டினீங்களே, முதல் வாரமே பார்த்தேன்" என்றான். பார்த்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நான்தான் செஞ்சேன்னு நெனைப்பீங்க. அதான் தொடாம இருந்தேன்" என்றான். அவன் ஊர்ப் பெரியவரிடம் பேசிவிட்டு வந்தான். இந்தப் படகில்தான் தங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருகிறார்கள், அது தங்கள் கரையிலேயே இரவு கிடக்கட்டும், யாரும் தொட மாட்டார்கள் என்று அவர் சொன்னாராம்.

இப்போது படகு மாலித் தீவில் கட்டியிருக்கிறது. காலையில் ஜோசேவா கொண்டு வருகிறான், சாயங்காலம் கொண்டு போகிறான். அப்பல்சாமி மாமாவின் வாய் ஓயவில்லை. படகை நீயே தூக்கிக் கொடுத்துட்டியே, அவன் நெனைச்சது நடந்துபோச்சு என்கிறார். இருக்கலாம். நாளைக் காலையில் படகு வராமல் போனால் மாமா சொன்னது சரி. ஒவ்வொரு நாளும் ஆற்றின் வளைவில் எஞ்சின் சத்தம் கேட்கும்வரை நானும் கரையிலேயேதான் நிற்கிறேன், பொய் சொல்லமாட்டேன். இதுவரை வந்திருக்கிறது. நல்ல ஆயில் போட்டதால் புகையும் இல்லை.

இந்த நாட்டில் இனி நமக்கு இடமில்லை என்று நீங்கள் பயந்தது நிஜம். போகிறவர்கள் எல்லாரும் விற்கிறார்கள், அதுவும் நிஜம். என்னிடம் சொல்லியிருந்தால், யார் கண்டது, நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். நமக்கு ஒரு வீடு பார்ப்பதற்காகத்தான் விற்றீர்கள் என்றால் அதை எழுதுங்கள். வேறு காரணம் என்றாலும் எழுதுங்கள். பீப்பாய் எண்ணெயைப் போல எதில் என்ன கலந்திருக்கிறது என்று முகர்ந்து பார்த்துக்கொண்டே நான் காலம் தள்ளமுடியாது.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. உர்மிளாவுக்குத் தமிழ் படிக்க வராது அல்லவா. உங்கள் கடிதம் வந்ததும் அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். நான் படித்துச் சொல்வேன். எஞ்சின் நம்பரும் கிரீஸும் வருகிற இடங்களில், உர்மிளா எப்படிப் படிக்கிறாள், அவளுக்கு இங்கே ஒரு நல்ல பள்ளிக்கூடம் பார்த்து வைத்திருக்கிறேன், அவள் கூந்தலை வெட்டவேண்டாம் என்று சொல் என்று நானாகச் சேர்த்துப் படிப்பேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்பாள். அந்த வரிகளைத் தனியாக இந்தியில் எழுதித் தரச்சொல்லித் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள்.

இனி எனக்குச் சேர்த்துச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த கடிதத்தில் நீங்களே அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். பொய்யாக இருந்தால் வேண்டாம்.

மாரியம்மன் உங்கள் நெஞ்சைச் சளியில்லாமல் வைக்கட்டும்.

தாயம்மா