பாஸான வேனும் வெடித்த டயரும்

வட்டவளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யூஜினாவுக்கு அப்பா மரியரட்ணம் எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அம்மாவும் சுகம், அந்தப் பாலைவன வெயிலில் டயர்களை ஓட்டிச் சோதிக்கிற நீயும் சுகமாய் இருக்க மன்றாடுகிறோம். போனில் கேட்டால் சிரித்துவிடுகிறாய், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் றிச்சர்ட் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

டயர் வெடித்ததைச் சொன்னேனே தவிர முழுக்கச் சொல்லவில்லை. பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. ஸ்கூல் பிள்ளைகளோடு கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது முன் டயர் போனது, வேன் பள்ளத்துப் பக்கம் இழுத்தது, கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. நத்தார் பண்டிகைக்கு வந்தபோது நீ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "டயர் வெடிச்சா பிரேக்கை மிதிச்சிடாதீங்கப்பா, ஸ்டியரிங்கை நேரா புடிச்சுக்கிட்டு வண்டியை ஓய விடுங்க" என்றாயே, அப்படியே பிடித்தேன். மண்மேட்டில் உரசி நின்றது. பிள்ளைகள் அழுதார்கள், ஒரு கீறல்கூட இல்லை.

எனக்கு விளங்காதது இதுதான். போன மாதம்தான் வேனை ஃபிட்னஸ் டெஸ்டுக்குக் கொண்டுபோனேன். உருளையில் ஏற்றி பிரேக் பார்த்தார்கள், புகை பார்த்தார்கள், டயர் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள், எல்லாம் பாஸ். பின் லயத்து வீட்டுச் சண்முகவடிவு, அன்று வேனில் இருந்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "டெஸ்ட் பாஸான வண்டின்னீங்களேண்ணே, பிறகு எப்படி வெடிச்சிச்சு?" என்று கேட்டாள். நீ முன்பு சொன்னதை நினைத்துப் பார்த்தேன். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் பழைய ரப்பர் உள்ளே இறுகிப்போகும், ஒரு டயர் எவ்வளவு தாங்கும் என்று அறிய சூட்டில் பெரிய உருளைமேல் வெடிக்கும்வரை ஓட்டுவோம் என்றாய். அப்படியானால் அறிந்துகொண்ட டயர் செத்துப்போகிறது, ஓடுகிற டயரை யாரும் அறியவில்லை. இது என்ன டெஸ்டோ பிள்ளை, எனக்குத் தலை சுற்றுகிறது.

அம்மாவுக்கு வேறு குழப்பம். நீ ஓட்டும்போதே வேண்டுமென்று டயரின் காற்றை இறக்கிப் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டாய் அல்லவா. மெழுகுதிரி ஏற்றிவிட்டு, "டயர் வெடிக்கக்கூடாதுன்னு வேண்டினா புள்ள வேலை கெட்டுருமே, வெடிக்கணும்னு எந்த வாயால வேண்டுறது?" என்று என்னைக் கேட்கிறாள்.

டயர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன். ஆனாலும் இனி ஓட்டமாட்டேன், வேறு டிரைவர் பாருங்கள் என்று பிள்ளைகளின் தாய்மாரிடம் சொன்னேன். மறுநாள் சண்முகவடிவு மகளை முன் சீட்டிலேயே கொண்டுவந்து உட்காரவைத்தாள். "நீங்க ஓட்டினா அனுப்புறேன், இல்லாட்டி புள்ள வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள். டயர் வெடித்தவனை ஏன் நம்புகிறாள் என்று இன்னும் தெரியவில்லை. ஓட்டினேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுது. டயரைப் போகவிட்டு வண்டியை நிறுத்தி இறங்கும்போது உனக்குக் கை நடுங்குமா? எனக்கு நடுங்கியது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகளில் ஒன்று இறங்கிவந்து தன் தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டியது. அங்கே உனக்கு யார் தருகிறார்கள், மகளே?

ஞாயிறு பூசையை விடாதே, பெல்ட் போடாமல் ஏறாதே. மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
மரியரட்ணம்